மாமனார் உடைத்தால் என்ன குடம்?

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ஒட்டுக்கேட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

என் பழைய காரை எண்ணெய் மாற்றக் கொடுத்துவிட்டு, சர்வீஸ் சென்டரின் காத்திருப்பு அறையில் ஓசிக் காப்பியை ஊதிக்கொண்டிருந்தேன். கவுன்டரில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். மடிப்புக் கலையாத சட்டை. சட்டைப் பையில், பேனா இருக்க வேண்டிய இடத்தில், மின்சாரம் வருகிறதா என்று பார்க்கிற டெஸ்டர். கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்து ஒரு தொகையைச் சொன்னாள். பெரியவர் கவுன்டரின் மேல் குனிந்து அந்தத் திரையை எட்டிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இது ஒரு கண்ணுக்கா, ரெண்டு கண்ணுக்குமாம்மா?"

"ஒரு கண்ணுக்குத்தாங்க."

"இந்தக் காசுக்கு மனுஷக் கண்ணையே மாத்திடலாமே!"

"எல்லாரும் இதையேதான் சார் சொல்றாங்க" என்றாள் அவள், சிரிக்காமல்.

அதற்குள் என் வண்டி தயார் என்று கூப்பிட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதி அத்தனையும் நான் கட்டியது. எங்காவது சாயம் போயிருந்தால் பெரியவர் மீது பழி இல்லை.

2

தொடக்கத்துக்கு நான் பட்ட பாட்டையும் பாருங்கள்.

"நவீன கார்களில் முகப்பு விளக்கு என்பது இன்று வெறும் விளக்கு அல்ல; அது ஒரு…"

[நிறுத்தினேன். எனக்கே கொட்டாவி வந்தது.]

"அந்திக் கருக்கலில், தெருமுனையில், ஒற்றை வெளிச்சம் ஒன்று திரும்பியபோது…"

[இது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் யார் நிற்கிறார்கள், யார் வருகிறார்கள் என்று தெரியாமல் வெளிச்சத்தை மட்டும் வைத்து நான் என்ன செய்வது? ஆறாம் பகுதிக்குத் தள்ளிவைத்தேன்.]

"மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள்."

இங்கேதான் பேனா நின்றது. மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே உடைகிற ஒவ்வொன்றுக்கும் நம் மொழியில் பழமொழி இருக்கிறது. மாமனாரும் மருமகனும்? அவர்களுக்குள் ஒன்றுமே உடைந்ததில்லையா? அல்லது உடைந்தாலும் இருவரும் பார்க்காதது மாதிரி நகர்ந்து போய்விடுகிறார்களா?

பத்திரிகை ஆசிரியர் என்னிடம் காதல் கதை கேட்டிருந்தார். இது அதுதான் என்று அவரை நம்பவைக்க வேண்டும்.

3

பெரியவருக்கு மின்சாமான் கடை. சுவிட்ச், வயர், மின்விசிறி, விதவிதமான விளக்குகள். நன்றாகவே ஓடுகிற கடை. மனைவி இல்லை. ஒரே மகள். நீச்சல் குளத்தில் சிறு பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறாள். எப்போது பார்த்தாலும் தலை ஈரமாக இருக்கும், குரல் குளத்தின் மறு கரைக்குக் கேட்கும். மருமகன் பிசியோதெரபிஸ்ட். விழுந்தவர்கள், வாதம் வந்தவர்கள், இடுப்பு பிடித்தவர்கள் என்று வீடு வீடாகப் போய்க் கை கால்களை மறுபடி நடமாடப் பழக்குகிறவன். சொந்தமாக ஒரு சிகிச்சை அறை திறக்க வேண்டுமென்று கணவனும் மனைவியும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். வீடு வீடாகப் போக வசதியாக இருக்கட்டும் என்று வாங்கியதுதான் அந்தப் புதுக் கார்.

ஒருநாள் மொத்தக் கடையிலிருந்து சரக்கு எடுக்க வண்டி கிடைக்கவில்லை என்று பெரியவர் மருமகனின் காரை இரவல் கேட்டார். மருமகன் சாவியை இரண்டு கையாலும் கொடுத்தான். சரக்குக் கிடங்கின் வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஓர் இரும்புத் தூண். ஓட்டுகிற இடத்திலிருந்து பார்த்தால் தெரியாது. "டொக்" என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தார். இடது பக்க விளக்கின் மேல்மூடியில் நகத்தளவு ஒரு கீறல்.

"மாப்ள, சின்னதா ஒரு இடி. ஒண்ணும் ஆகல. விளக்கு எரியுது" என்று சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். மறைக்கிற ஆள் இல்லை. "எதாவது ஆச்சுன்னா சொல்லுங்க. ஒரு பல்புதானே, நானே மாத்திக் குடுத்துடறேன்."

அப்புறம் ஒரு நாள் நல்ல மழை. கீறல் வழியே ஈரம் உள்ளே போனது. கண்ணாடிக்குள் பனி படர்ந்த மாதிரி ஆனது. அடுத்து விளக்கு துடித்தது. அதற்கடுத்து இறந்தது.

4

மருமகன்தான் முதலில் சர்வீஸ் சென்டருக்குப் போனான். இந்த வண்டியில் பல்ப் என்று தனியாக ஒன்று கிடையாது என்றார்கள். ஸ்டீயரிங் திரும்பினால் விளக்கும் திரும்பும். எதிரில் வண்டி வந்தால் தானே தாழ்ந்துகொள்ளும். அதற்கு ஒரு மோட்டார், அந்த மோட்டாருக்கு ஒரு குட்டிக் கணினி, எல்லாவற்றையும் சேர்த்துப் பசை வைத்து ஒரே கூடாக மூடிவிட்டார்கள். ஒன்று போனால் மொத்தமும் மாற்ற வேண்டும். விலையைச் சொன்னார்கள். இடித்த உடனே தெரிவிக்காததால் இன்ஷூரன்ஸும் கிடைக்காது என்றார்கள்.

[இங்கே ஓர் எண்ணை எழுதி அடித்துவிட்டேன். நீங்கள் இதைப் படிக்கிற வருஷத்தில் அது மலிவாகத் தெரிந்து தொலைக்கும். உங்கள் ஒரு மாதச் சம்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நினைத்துவிட்டீர்களா? இன்னும் கொஞ்சம் மேலே போங்கள்.]

அன்று சாயங்காலமே மாமனார் போன் செய்தார்.

"என்ன மாப்ள, என்ன சொன்னாங்க?"

"பல்புதான் மாமா. சின்ன வேலை."

அந்த வாக்கியம் எப்படி வாயிலிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. மறுநாள் பெரியவர் நேரில் வந்து, ஒரு நோட்டை நான்காக மடித்து அவன் உள்ளங்கையில் அழுத்தினார்.

"மீதிய நீங்களே வச்சுக்குங்க மாப்ள."

மருமகன் வாங்கிக்கொண்டான். "தேங்க்ஸ் மாமா" என்றும் சொன்னான்.

மனைவி கேட்டபோது "பார்ட்ஸ் வரணுமாம், ஆர்டர் போட்டிருக்கு" என்றான். ஒரு பொய் தனியாகக் குடியிருக்காது; கூடவே தம்பி தங்கைகளைக் கூட்டிவந்துவிடும். சிகிச்சை அறைக்கான சேமிப்பில் கைவைக்க மனம் வரவில்லை. இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம் என்று நினைத்தான். ஆனால் நோயாளிகளின் வீட்டில் ஆள் இருப்பதே சாயங்காலத்தில்தான். ஒற்றைக் கண்ணோடு ஓட்டத் தொடங்கினான்.

5

[இந்த மருமகனை நான் நம்பவில்லை.

இவ்வளவு நல்லவர்களை நான் இரங்கல் செய்திகளில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மாமனார் மனம் நோகக் கூடாது என்பதற்காக ஒருவன் இத்தனை பெரிய செலவை விழுங்குவானா? ஒரு வாரம் எழுதாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு புரிந்தது. அவன் நல்லவன்தான், ஆனால் அதைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி. கல்யாணமாகி நாலு வருஷத்தில், டிவியில் யாராவது செய்தி வாசிக்காமல் அவனும் மாமனாரும் ஒரே அறையில் உட்கார்ந்ததே இல்லை. "வாங்க மாப்ள", "சாப்பிட்டீங்களா மாமா", "நாளைக்கும் மழையாமே". இந்த மூன்று வாக்கியத்துக்கு வெளியே இருவருக்கும் கால் வைக்கப் பயம். அந்தப் பயத்துக்கு இருவரும் வைத்திருந்த பெயர் மரியாதை.

இப்போது கொஞ்சம் நம்புகிறேன். தொடர்வோம்.]

6

ஒரு சாயங்காலம். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, தெருவிளக்குகள் இன்னும் வரவில்லை. எதிர்ச்சாரிக் கடையில் சில்லறை மாற்றிக்கொண்டு பெரியவர் தெருவைக் கடந்து தன் கடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். முனையில் ஒற்றை வெளிச்சம் ஒன்று திரும்பியது. மோட்டார்சைக்கிள் என்று நினைத்தார். மோட்டார்சைக்கிளுக்கு எவ்வளவு வழி விட வேண்டுமோ அவ்வளவு விட்டு, நடுத்தெருவிலேயே நின்றார்.

வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருந்த இருட்டு அவரை நோக்கி வந்தது. அந்த இருட்டுக்குச் சக்கரம் இருந்தது.

பிரேக் கிறீச்சிட்டது. வண்டியின் மூக்கு அவர் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. கதவைத் திறந்துகொண்டு மருமகன் குதித்தான்.

"மாமா! மாமா, பட்டுதா?"

பெரியவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். காரின் இறந்த கண்ணைப் பார்த்தார். கையிலிருந்த சில்லறை தெருவெல்லாம் உருண்டு கிடந்தது.

"மாத்தலையா மாப்ள?"

மருமகன் குனிந்து சில்லறையைப் பொறுக்கத் தொடங்கினான். இந்த இடத்தில் அவன் உண்மையைச் சொல்லிவிடுவான் என்று எழுதித்தான் வைத்திருந்தேன். ஆனால் அவன் சொன்னது:

"மாத்தினேன் மாமா. மறுபடியும் பல்ப் போயிடுச்சு."

7

மறுநாள் காலையில் பெரியவர் சர்வீஸ் சென்டரில் நின்றார். அந்தக் காட்சியை நீங்களே பார்த்துவிட்டீர்கள். நான் காப்பியோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நான் பார்க்காதது, அதற்கு அடுத்து நடந்தது. "பல்ப் மட்டும் மாத்த முடியாதாம்மா?" என்று அவர் கேட்டிருக்க வேண்டும். "முடியாதுங்க, மொத்த செட்டும்தான் மாத்தணும். இப்ப எல்லாமே அப்படித்தான் வருது" என்று அவள் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த வாக்கியத்தைப் பெரியவருக்கு நன்றாகத் தெரியும். கூரையில் பதிக்கிற தட்டை விளக்கு அணைந்துபோய் அதைக் கையில் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம், அதே தொனியில், அவரே தினமும் சொல்கிற வாக்கியம் அது. கவுன்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டால் அது எப்படி இருக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது.

திரும்பி வருகிற வழியில் அவருக்கு விலை கோபமூட்டவில்லை. "என்னையச் சின்னப் பிள்ளைன்னு நினைச்சுட்டாரு மாப்ள" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே நடந்தார். நாலாக மடித்துக் கொடுத்த அந்த நோட்டை நினைத்தபோது காது மடல் சுட்டது. மீதியை வேறு வைத்துக்கொள்ளச் சொன்னாரே!

8

மருமகனைக் கடைக்கு வரச் சொன்னார். வந்தான். மேலே தொங்கிய மாதிரி விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. ஒளிய ஓர் இடமில்லாத கடை.

"மாப்ள, நம்ம கடையிலயே விலை கூடின பல்ப் எது தெரியுமா?"

"தெரியலையே மாமா."

"நீங்க எனக்குக் குடுத்தீங்களே, அதுதான்."

மருமகனுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் முகம் வெளுத்தது.

"இத்தனை வருஷமா பல்ப் விக்கிறேன். எனக்கே பல்ப் குடுத்து ஏமாத்திட்டீங்களே!"

"மாமா… உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னுதான்…"

"முட்டி போயிருந்தா கஷ்டமா இருந்திருக்காதா? வைத்தியம் பாக்க வீட்டுலயே ஆள் இருக்குன்னு தைரியமா?"

"எந்த முட்டி?"

கேட்டது மகள். வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். ஈரக் கூந்தல் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்களும் டிவி இருக்கிறதா என்பது போலச் சுவரைப் பார்த்தார்கள்.

"எந்த முட்டின்னு கேட்டேன்."

மருமகன் சொன்னான். விலையிலிருந்து தொடங்கி, நோட்டு, ஆர்டர் போட்டிருக்கு என்றது, தெருவில் ஒரு சாண், அதற்குப் பிறகும் சொன்ன பொய் வரை. கடைசியாக, "ராத்திரி கண்ண மூடினா, மாமா அங்க நிக்கிறது மட்டும்தான் தெரியுது" என்றான்.

அவள் கத்தவில்லை. குளத்தின் மறு கரைக்குக் கேட்கிற குரலை உள்ளே வைத்துக்கொண்டு, கையை நீட்டிக் கார் சாவியை வாங்கிக்கொண்டாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் மரியாதைதானே முக்கியம்? அதையே ஓட்டிட்டுப் போங்க. வண்டி இங்கயே நிக்கட்டும்."

போய்விட்டாள்.

கடையில் இருவரும் மிஞ்சினார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவரின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று மருமகன் பதறி எழுந்தான். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தார்.

"மீதிய வச்சுக்குங்கன்னு சொன்னப்ப, உள்ள என்ன நினைச்சீங்க மாப்ள? உண்மையச் சொல்லணும்."

"சொல்லவா மாமா?"

"சொல்லுங்க."

"அந்தக் காசுக்கு ஹெட்லைட்டைத் துடைக்கத் துணி வாங்கலாம்னு நினைச்சேன்."

பெரியவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். மருமகனும் சிரித்தான். நாலு வருஷத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை என்பதை இருவருமே கவனித்தார்கள். கவனித்ததைச் சொல்லிக்கொள்ளவில்லை. [ஒரே நாளில் எல்லாம் வந்துவிடாது.]

"இடிச்சது நீங்க மாமா. மறைச்சது நான். சேந்தே பாப்போம்."

9

இங்கே வேறொரு முடிவு வைத்திருந்தேன். பெரியவர் யாருக்கும் தெரியாமல் கடன் வாங்கிப் புது விளக்கு வாங்குகிறார். விடியற்காலையில் மருமகன் எழுந்து பார்த்தால், வாசலில் வண்டி இரண்டு கண்ணும் திறந்து…

[அடித்துவிட்டேன். படித்தால் கண் கலங்கும், உண்மைதான். ஆனால் ஒரு மறைப்பால் வந்த வினையை இன்னொரு மறைப்பால் தீர்த்தால் அந்தக் குடும்பம் உருப்படுமா? ஆசிரியருக்கு அந்த முடிவுதான் பிடித்திருந்தது. அவருக்குக் கல்யாணமாகவில்லை.]

நடந்தது இது. ஊருக்கு வெளியே பழைய கார்களைப் பிரித்து விற்கிற கிடங்கு ஒன்று இருந்தது. விடுமுறை நாளில் மாமனாரும் மருமகனும் அங்கே போனார்கள், பஸ்ஸில். அதை நடத்துகிற அம்மாவை எல்லோரும் 'ஸ்பேனர் அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். வண்டியின் மாடலைக் கேட்டுவிட்டு மோவாயைச் சொறிந்தாள்.

"பின்னாடி அடிவாங்கி வந்தது ஒண்ணு மூலையில கெடக்கு. மூஞ்சி நல்லாருக்கும். நீங்களே கழட்டிக்கிட்டா விலை பாதியிலும் பாதி."

ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கார்கள். அவர்கள் தேடியது அடியில் இருந்தது. மருமகன் படுத்துக் கையை உள்ளே விட்டுத் திருகினான். பெரியவர் டார்ச் பிடித்தார். வேலை நன்றாகவே போனது. நோயாளியின் தோளைப் பிடிக்கிற பக்குவத்தில் அவன் ஒவ்வொரு கொக்கியாக விடுவித்தான். கடைசிக் கொக்கியில் மேலே எதுவோ முனகியது. தொங்கிக்கொண்டிருந்த பம்பர் ஒன்று சரிந்தது.

"டேய்! கைய எடுடா!"

மருமகன் கையை இழுத்துக்கொண்டான். கை இருந்த இடத்தில் பம்பர் தொப்பென்று விழுந்து தூசி கிளம்பியது.

தூசி அடங்கியது. பெரியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பம்பருக்கு அல்ல, வாயிலிருந்து வந்த வார்த்தைக்கு.

"மாப்ள… தப்பா எடுத்துக்காதீங்க. பதட்டத்துல…"

"பரவால்ல மாமா" என்றான் அவன், தரையில் படுத்தபடியே. அவன் முகத்தில் தூசியை மீறி ஒரு சிரிப்பு. "என்னைய யாரும் அப்படிக் கூப்பிட்டு ரொம்ப நாள் ஆச்சு. அப்பா போனதோட சரி."

பெரியவர் டார்ச்சை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினார். அவன் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

விளக்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனபோது ஸ்பேனர் அக்கா எச்சரித்தாள். "மாட்டினா மட்டும் எரியாது. வேற வண்டியோட விளக்கு, உங்க வண்டி இதை நம்ம ஆளுன்னு ஏத்துக்கணும். கம்ப்யூட்டர வச்சுச் சொல்லிப் புரியவைக்கணும். சில வண்டி ஏத்துக்கும், சில வண்டி முறுக்கிக்கும்."

"புது மாப்பிள்ளைய வீடு ஏத்துக்கிற மாதிரி" என்றார் பெரியவர்.

"அதே கததான். என் மருமகளை அனுப்புறேன். அவ பேசினா எந்த வண்டியும் கேக்கும். நான் பேசினாத்தான் அவ கேக்க மாட்டா."

10

இனிமேல் நான் எழுதப்போவது கொஞ்சம்தான்.

கடை வாசலில் கார் நிற்கிறது. வெளிச்சம் மங்குகிற நேரம். விளக்கை மாட்டியாகிவிட்டது, பழைய வண்டியின் விளக்கு என்பதால் மற்றதைவிட ஒரு பொட்டு மஞ்சளாகத் தெரிகிறது. ஸ்பேனர் அக்காவின் மருமகள் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, காருக்குள்ளிருந்து ஒரு வயரை இழுத்துச் சொருகி, உதட்டைக் கடித்தபடி எதையோ தட்டுகிறாள். மகள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "எனக்குத் தெரியாம இனிமே ஒரு ஸ்க்ரூகூடக் கழலக் கூடாது" என்ற நிபந்தனையோடு. மருமகன் ஓட்டுகிற இடத்தில். பெரியவர் வண்டிக்கு முன்னால், விளக்குக்கு நேர் எதிரே, இடுப்பில் கைவைத்து நிற்கிறார்.

என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

ஒன்றில் விளக்கு எரிகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கூடவே திரும்புகிறது. மருமகன் அன்றைக்கே, இடுப்பு உடைந்து படுத்திருக்கும் ஒரு நோயாளியைப் பார்க்கப் போகிறான். அந்த அம்மா அன்றுதான் முதல் தடவையாகக் கட்டிலிலிருந்து எழுந்து நிற்கப் போகிறாள். "நானும் வரட்டுமா? சும்மாத்தானே இருக்கேன்" என்று பெரியவர் பக்கத்தில் ஏறிக்கொள்கிறார்.

இன்னொன்றில் எரியவில்லை. வண்டி முறுக்கிக்கொள்கிறது. ஸ்பேனர் அக்காவின் மருமகள், "இது ஆகாதுங்க, வேற பாக்கணும்" என்று வயரைச் சுருட்டுகிறாள். மகள் பெருமூச்சு விடுகிறாள். பெரியவரும் மருமகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். "அடுத்த லீவுக்குப் போவமா?" என்கிறார் பெரியவர். "பஸ்ஸுலயே போவோம் மாமா. பேசிட்டே போலாம்" என்கிறான் அவன். "அப்ப நான் பிளாஸ்க்ல காப்பி எடுத்துக்கறேன்."

ஒரு வாரமாக இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன். எரிகிற முடிவில்தான் சந்தோஷம் என்று நினைத்துத் தொடங்கினேன். இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. உங்களுக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதை எடுப்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: அவர்களுக்குச் சரியான விளக்கை உடனே கிடைக்கச் செய்துவிடாதீர்கள். நாலைந்து கிடங்காவது அலையட்டும்.

"இப்ப போட்டுப் பாருங்க" என்கிறாள் ஸ்பேனர் அக்காவின் மருமகள்.

"மாமா, தள்ளி நில்லுங்க, கண்ணு கூசும்!"

"கூசட்டும். நீ போடு."